ரம்பம், கோடரி, கொஞ்சம் விறகு: மனநலச் சோதனை எதை அளக்கிறது?

[திரையில் நான்கு படங்கள்: சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை]

வணக்கம். இந்த நான்கில் சேராதது எது?

மரக்கட்டை என்றுதானே நினைத்தீர்கள்? மற்ற மூன்றும் கருவிகள். பள்ளிக்கூடம் நமக்குப் பழக்கிவிட்ட பதில் இது.

1931, 1932ஆம் ஆண்டுகளில் அலெக்சாண்டர் லூரியா என்ற சோவியத் உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய் இதைக் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி ஒருவர் எதையும் விலக்க மறுத்துவிட்டார். ரம்பம் அறுக்கும், கோடரி பிளக்கும். கட்டையே இல்லையென்றால் இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'வேறொருவர் கட்டையைத்தான் விலக்கினார்' என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஆளிடம் விறகு நிறைய இருக்கும்போல என்றார் இவர்.

எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். ஆனால் விடைத்தாளில் இதற்குப் பூஜ்யம்தான். அவருக்கு யோசிக்கத் தெரியாமலா? பொருள்களை வகை பிரிக்காமல், செய்கிற வேலையோடு சேர்த்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். சோதனையைத் தயாரித்தவரின் வாழ்க்கையும் கேள்விக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அதை 'அறிவு' என்று அளக்கிறோம்.

இது வெறும் ஆராய்ச்சி வேடிக்கை இல்லை. கலிஃபோர்னியாவில் ஐக்யூ மதிப்பெண்ணை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளை 'மந்தபுத்தி' வகுப்புகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடாது என்று 1979இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

[காட்சி: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்]

சரி, ஆலோசனை அறைக்கு வருவோம். 'யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?' என்று கேட்கிறார் ஆலோசகர். 'இறந்துபோன கணவர் என்னைக் கூப்பிடுகிறார்' என்கிறார் வந்தவர். மனச்சிதைவு என்று எழுதிவிடலாமா?

டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் முடிவுகளை வெளியிட்டார். இறந்தவரைப் பார்த்ததாக, கேட்டதாக, அருகில் உணர்ந்ததாகச் சொன்னவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர்! பலர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆகவே குரல் கேட்பது மட்டும் போதாது. அது பயமுறுத்துகிறதா, ஆறுதல் தருகிறதா? சுற்றியிருப்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? இதைக் கேட்காமல் நோய்ப் பெயர் எழுதுவது அவசரம்.

மொழியும் இப்படித்தான். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். மனச்சோர்வைப் பற்றிப் பேச அங்கே பழகிய சொல் அது. வெளியிலிருந்து ஒரு கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொண்டுபோனால், சொற்கள் போய்ச் சேரும். வேதனை போய்ச் சேருமா? (மொழிபெயர்ப்பாளர் இல்லையென்று வந்தவரின் பிள்ளையையே பேச வைப்பது இன்னும் மோசம். பிள்ளைக்கு எதிரில் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்?)

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'அவர்கள் பண்பாட்டில் இப்படித்தான்' என்று சொல்லி, உண்மையான நோயைத் தவறவிடுவது. ஒரே சமூகத்தில், ஒரே வீட்டில்கூட இரண்டு பேர் ஒரே மாதிரி இருப்பதில்லை.

அதனால் ஊகிப்பதைவிடக் கேட்பது நல்லது. மனநோய்களை வகைப்படுத்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்காகவே 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. உங்கள் பிரச்சினையை வீட்டாரிடம், நண்பர்களிடம் எப்படிச் சொல்வீர்கள்? இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இப்படிப் போகும். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் கேள்விதான். அது ஆலோசகரையே நோக்கித் திரும்புகிறது: பின்னணி வேறாக இருப்பதால் நாங்கள் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்வோமோ என்று கவலை இருக்கிறதா?