ஹெர்மிஸ் என்றால் எந்த ஹெர்மிஸ்?

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படையில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் தேடிச் சேர்த்துவைக்க நமக்குக் கிடைக்கும் முதல் பிடி, அவர்கள் ஏறிய கப்பலின் பெயர். பெயரை மட்டும் நம்பிப் போனால் ஆள் மாறிவிடும்.

எச்.எம்.எஸ். ஹெர்மிஸை எடுங்கள் (எச்.எம்.எஸ். என்பது பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள்). 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல். 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பெரும்பகுதியினரை வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் அதற்கு முன்பே இன்னொரு ஹெர்மிஸ் 1914இல் மூழ்கியிருக்கிறது. 1959இல் சேவைக்கு வந்த ஹெர்மிஸ், பிற்பாடு இந்தியாவுக்கு விற்கப்பட்டு 1987இல் விராட் ஆனது. ஆகவே "தாத்தா ஹெர்மிஸில் இருந்தவர்" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, சேவை இலக்கம். வீட்டில் பழைய பெட்டிக்குள் கடிதமோ பதக்கப் பெட்டியோ இருந்தால் இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து அவர் எந்தத் தாய்த்துறைமுகத்தைச் சேர்ந்தவர் என்று காட்டும்: பி என்றால் போர்ட்ஸ்மவுத், சி என்றால் சதாம், டி என்றால் டெவன்போர்ட். அதை அடுத்து ஜேஎக்ஸ் இருந்தால் மேல்தள மாலுமி அல்லது சமிக்ஞைக்காரர். கேஎக்ஸ் என்றால் கொதிகலன் அறைக்காரர். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், ஒரே இலக்கத்தில் இருக்க முடியாது. கடலில் இறந்து, கல்லறை இல்லாதவரின் பெயர் எந்த நினைவுத் தூணில் இருக்கும் என்பதையும் அந்த முதல் எழுத்தே காட்டும்: டி என்றால், டெவன்போர்ட் இருக்கும் பிளிமத் நகரின் தூண். மறுபடி சொல்கிறேன், இலக்கத்தை எழுத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சேவைப் பத்திரத்தில் "லங்கா" என்று இருந்தால் அது கடலில் ஓடிய கப்பல் இல்லை, கொழும்பிலிருந்த கரைத்தளம். "ஹைஃப்ளையர்" திருகோணமலைத் தளம், "பம்பாரா" சீனக்குடா விமானத்தளம். கரைத்தளங்களுக்கும் கப்பலுக்குரிய பெயரே வைத்தார்கள். சிறு கலங்களில் போனவர்களின் பெயரும் சம்பளக் கணக்குக்காகத் தளத்தின் ஏட்டிலேயே இருக்கும். எனவே "லங்கா" என்று கண்டவுடன், அவர் கடலுக்கே போகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது அந்த மனிதருக்கு நாம் செய்யும் அநியாயம்.

நேரக் கணக்கிலும் சண்டை வரும். 1942 தொடக்கத்தில் இலங்கையின் மணிக்கூடு அரைமணி முன்னே தள்ளப்பட்டது. செப்டம்பரில் இன்னொரு அரைமணி. 1996இல் மணிக்கூட்டை மாற்றியபோது நாம் பட்ட குழப்பம் உங்களுக்கு நினைவிருக்கும். இருவர் சொல்லும் நேரம் அரைமணி வேறுபட்டால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கப்பல் தினப் பதிவேடுகளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் போய்விட்டது. சுருக்கமாக: பெரிய கப்பல்களின் ஏடுகள் இலண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு, நாசகாரிக் கப்பல்களினதும் சிறு கலங்களினதும் யுத்தகால ஏடுகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. படங்களைப் பார்க்கும்போது மாலுமியின் தொப்பி நாடாவைக் கவனியுங்கள். யுத்த காலத்தில் அதில் கப்பலின் பெயர் இருக்காது, எச்.எம்.எஸ். மட்டும்தான். நாடாவில் கப்பலின் பெயர் எழுதியிருந்தால் அந்தப் படம் யுத்தத்துக்கு முன்னே எடுத்ததா, பின்னே எடுத்ததா என்று பார்த்து, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். வணக்கம்.