விலைமாதரும் விலை கொடுப்பவரும்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தோழர்களே,

பாலியல் தொழில் ஒழுக்கத்துக்கு உகந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லுமாறு என்னை அழைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து நழுவும் எண்ணம் எனக்கில்லை. ஆனால், அந்தக் கேள்வியை நாம் வழக்கமாக யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உடலை விற்கும் பெண்ணைப் பார்த்தே கேட்கிறோம். அவளிடம் வந்து போகிறவனும், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்து வந்த தரகனும், அந்த வீட்டுக்கு ஊரில் இல்லாத வாடகை வாங்குகிறவரும், மாமூல் பெற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரியும் அந்த விசாரணைக்குள் வருவதே இல்லை.

இந்த ஓரவஞ்சனை சட்டமாகவே எழுதப்பட்டதுண்டு. படைவீரர்களிடையே பால்வினை நோய் பெருகியபோது, 1864இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. படைமுகாம்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், விலைமாது என்று சந்தேகிக்கப்பட்ட பெண்ணைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தவும், நோய் இருந்தால் மருத்துவமனையில் அடைத்துவைக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. அவளிடம் சென்ற வீரனைச் சோதிக்க அதில் இடமில்லை. இதை ஆராய்ந்த அரச ஆணையம் 1871இல் சொன்ன காரணம் இன்னும் வியப்புக்குரியது: பெண் இதை ஆதாயத்துக்காகச் செய்கிறாள், ஆணோ இயற்கையான உந்துதலுக்கு முறை தவறி இடங்கொடுக்கிறான், ஆகவே இருவரையும் ஒப்பிடவே முடியாதாம்! ஆங்கிலச் சமூகச் சீர்திருத்தவாதி ஜோசபின் பட்லரும் அவருடைய தோழியரும் ஊர் ஊராகச் சென்று பேசிப் போராடிய பிறகு, 1886இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1868இல் கொண்டுவரப்பட்ட இதே வகைச் சட்டம் 1888 வரை நீடித்தது.

திருக்குறளில் விலைமகளிரைப் பற்றிய ‘வரைவின் மகளிர்’ அதிகாரத்தைக் காட்டி இப்பெண்களை இழித்துரைப்போர் நம்மிடையே உண்டு. அவ்வதிகாரத்தை அடுத்து வருபவை கள்ளுண்ணாமையும் சூதும். மூன்றிலும் வள்ளுவர் எச்சரிப்பது அவற்றை நாடிப் போகிறவனைத்தான். அவனுக்குச் சொன்ன அறிவுரையை நாம் அவளுக்கு எதிரான தீர்ப்பாக மாற்றிவிட்டோம். அதே வேளையில், அவள் எதனால் அந்த வாசலுக்கு வந்தாள் என்பதை அந்தப் பத்துக் குறள்களும் பேசவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

எதனால் வருகிறாள்? கடத்தி விற்கப்பட்டவர்களும் சிறுமிகளும் உள்ள இடத்தில் ஒழுக்க ஆராய்ச்சிக்கே வேலையில்லை. அது கொடுங்குற்றம், அவ்வளவுதான். அங்கே கதவுக்குப் பூட்டைவிடக் கடனே வலிய காவல். அவளை வாங்கக் கொடுத்த தொகையே அவள் பெயரில் முதல் கடனாக எழுதப்படுகிறது. அதன்மேல் அறை வாடகை, சாப்பாடு, புடவை, மருந்து, வட்டி. கணக்கு நோட்டு விடுதியை நடத்துகிறவரின் கையில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை. கடனை அடைத்து முடித்த பிறகும் அவள் போவதில்லை என்றால், போக்கிடம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

மற்றொரு சாரார் இருக்கிறார்கள். “எங்களை யாரும் கடத்தவில்லை, வீட்டு வேலையில் கிடைத்த கூலி பிள்ளைகளுக்குப் போதவில்லை, தெரிந்தேதான் வந்தோம்” என்று சொல்லும் வயதுவந்த பெண்கள். அவர்கள் சொல்வதை ஏமாளிகளின் பேச்சென்று தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. இருந்தும் என் கருத்தை மறைக்கவில்லை: பசிக்கும் பசிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்தவளின் இசைவைக் காசு கொடுத்து வாங்குகிறவன், “அவளே ஒப்புக்கொண்டாள்” என்று சொல்லித் தன் மனச்சான்றைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியாது. ஒழுக்கக்குறை இருக்கிறது, அதில் பெரும்பங்கு அவனுடையது.

அப்படியானால் அவனைத் தண்டித்துவிடலாமே என்பீர்கள். சுவீடன் 1999இல் அதைத்தான் செய்தது: வாங்குவது குற்றம், விற்பது குற்றமன்று. நோக்கம் எனக்கு உவப்பானதே. ஆனால், தன் வீட்டில் இத்தொழில் நடப்பதை அறிந்த உரிமையாளர் அவளை வெளியேற்றாவிட்டால் அவரும் குற்றவாளியாகலாம் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்வதால், வீடிழக்கும் தண்டனை கடைசியில் அவளையே சேர்கிறது. நியூசிலாந்து 2003இல் வேறு வழி கண்டது. அங்கே இது குற்றமன்று. முன்பே ஒப்புக்கொண்டிருந்தாலும் எந்த நேரத்திலும் மறுக்க அவளுக்குச் சட்ட உரிமை உண்டு. அந்தப் பாதுகாப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் தற்காலிக விசாவில் வந்த பெண்களை அந்நாடும் இச்சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. மிரட்டலுக்கு எளிதில் பணிகிறவர்கள் அவர்களே.

இந்தியச் சட்டத்தின் குளறுபடியையும் பாருங்கள். பாலியல் தொழிலுக்கான ஆள்கடத்தலைத் தடுக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பெண் தனித்துத் தன் விருப்பப்படி இத்தொழில் செய்வது தன்னளவில் குற்றமாகாது. ஆனால் அதன் 4ஆம் பிரிவு, இத்தொழிலின் வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயது கடந்த எவரையும் தண்டிக்கிறது. தரகனைப் பிடிக்க எழுதிய வரி அது. தாயின் சம்பாத்தியத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டும் 19 வயது மகனும் எழுத்தளவில் அதற்குள் அகப்படுகிறான். மீட்கப்பட்டவளைக் காப்பு இல்லத்தில் 1 முதல் 3 ஆண்டுகள் வரை வைத்திருக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. விரும்பாத ஒருத்தியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு தையல் எந்திரத்தைக் காட்டி மறுவாழ்வு என்று பெயர் சூட்டுவது நம் மனநிறைவுக்காகச் செய்யும் சடங்கு.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இதில் குறிப்பிடத்தக்கது. முகவரிச் சான்றைக் கேட்டு வற்புறுத்தாமல் ஆதார் அட்டை வழங்க வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. விருப்பமின்றிக் காப்பு இல்லங்களில் வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வழிசெய்ய வேண்டும். வன்புணர்வுக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு, மற்றப் பெண்களுக்குரிய மருத்துவ உதவி முழுவதும் கிடைக்க வேண்டும். நாட்டின் தலைமை நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தவை இவ்வளவு அடிப்படையானவை.

நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அடிபட்டு வந்தவளிடம் “என்ன தொழில்?” என்று கேட்டு, விடை வந்ததும் பேனாவை மூடிவைக்கும் காவல் நிலைய எழுத்தரும், அவளுடைய பிள்ளையைத் தம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று பள்ளியில் முறையிடும் பெற்றோரும், தொழிலை விட்டு வந்தவளுக்கு வீடு தர மறுப்பவரும் நீதிமன்றத்தில் இல்லை, நம்மிடையே இருக்கிறார்கள். வெளியே வந்தவளுக்கு வாடகைக்கு ஓர் அறை, தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரு பள்ளி, வயது ஏறி வருமானம் நின்ற பிறகு ஓர் ஓய்வூதியம்: இவற்றில் எதற்கும் அவள் முதலில் தன் ஒழுக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை. வாடகை தருகிறாளா என்று மட்டும் வீட்டுக்காரர் பார்த்தால் போதும். மற்றவர்களிடம் அவர் பார்ப்பதும் அதைத்தானே.