மார்த்தாள் கட்சி

நடுவர் அவர்களே, குருவானவர் அவர்களே, அசன விருந்து டோக்கனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபையாரே, வணக்கம். முகமன் முடிந்தது. கொடுத்திருப்பதே ஆறு நிமிஷம்.

‘விசுவாசம் விளங்குவது ஜெபத்திலா, சேவையிலா?’ சேவையில்தான் என்று பேச வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “அந்த அணி முழுக்க மார்த்தாள்கள். ஆண்டவர் இயேசு வீட்டுக்கு வந்தபோதும் அடுப்படியில் கிடந்தவள். அவர் பாதத்தருகே உட்கார்ந்த சகோதரி மரியாள்தான் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள்.” நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஐயா, லூக்கா 10-ஆம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிட்டீர்களே! யோவான் 11-க்கு வாருங்கள். அவர்கள் சகோதரன் லாசரு செத்து நாலு நாள். ஆண்டவர் வருகிறார் என்றதும் எதிர்கொண்டு போனது யார்? மார்த்தாள். மரியாள் அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தாள். ‘நீர் கிறிஸ்து’ என்று அறிக்கையிட்டது யார்? அடுப்படிக்காரிதான். 12-ஆம் அதிகாரத்தில் மறுபடி விருந்து. மறுபடி மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். இந்தத் தடவை ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! முதலில், லூக்காவில், அவர் கண்டித்தது மரியாள் உதவவில்லை என்ற அவள் முணுமுணுப்பை, சோற்றை அல்ல. உயிர்த்தெழுந்த பிறகு அவரே திபேரியாக் கரையில் கரிநெருப்பும் மீனுமாக நின்றாரா இல்லையா?

இன்னொன்று. அமெரிக்க மிஷனெரி ஐடா ஸ்கடர் கதையை எங்கள் அணியில் சொன்னார்கள்: ஆண் டாக்டர் பார்க்கக் கூடாதென்று குடும்பத்தார் மறுத்ததால், ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் போன கதை. “அன்று ராத்திரி அவர் ஜெபித்தாரே” என்றது எதிரணி. ஜெபித்தார், யார் இல்லை என்றது? ஆமென் சொல்லிவிட்டுக் கப்பலேறி, டாக்டருக்குப் படித்து, 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி.

சரி, எங்கள் அத்தை கதைக்கு வருகிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். குருவானவரின் மனைவி ஐயரம்மா திடீரென்று அத்தையைப் பார்த்து, “நீங்க ஜெபிங்க” என்று சொல்லிவிட்டார். அத்தை எழுந்தார். முக்காடு போட்டார். கண்ணை மூடினார். சபையே மூடியது. “ஆண்டவரே, உலை கொதிக்கி. மீதிய அப்புறம் பேசிக்கிடுதேன். ஆமென்.”

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மறுபடி சொல்கிறேன். “ஆண்டவரே, உலை கொதிக்கி. மீதிய அப்புறம் பேசிக்கிடுதேன்.” ஐயரம்மா கண்ணைத் திறந்தபோது அத்தை தெருமுனை தாண்டியாயிற்று. ஊரில் இன்றும் கூட்டம் நீண்டால், யாராவது “உலை கொதிக்கி” என்பார்கள். நடுவரே, என்னைப் பார்த்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அந்த உலை எங்கள் வீட்டுக்கு இல்லை. பக்கத்துத் தெருவில், படுத்த படுக்கையாக ஒரு பாட்டி. நம் சபையும் இல்லை. தினமும் தூக்குவாளியில் கஞ்சி போகும். ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கை எட்டாத பாட்டிக்குத் திருநீற்றுச் சம்புடத்தையும் அத்தைதான் எடுத்துக் கொடுப்பார். குருவானவர் என்னைப் பார்க்கிறார். நான் நடுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

போன வருஷம் அத்தை போய்விட்டார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, எல்லாரும் ஓய்ந்து உட்கார்ந்த நேரத்தில், அடுப்பங்கரையில் அந்தத் தூக்குவாளி கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கஞ்சி காய்ச்சத் தெரியாது. எப்படியோ காய்ச்சினேன். எடுத்துக்கொண்டு போனேன்.

செருப்புச் சத்தம் கேட்டதும் பாட்டி, “இன்னைக்கு ஏன் மக்கா இவ்வளவு நேரம்?” என்றாள். எனக்கு வாய் வரவில்லை. ஊட்டினேன். உப்பு இல்லை போல. ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். துடைத்துவிட்டேன். அப்புறமும் என் கையை விடவில்லை. கண்ணாலேயே மாடத்தைக் காட்டினாள். சம்புடம் அங்கே இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.