உடம்பு பேசறத குதிரை கேக்குது

எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலத்துக்காரங்களுக்குக் குதிரைன்னு சொன்னா மொதல்ல ஞாபகம் வர்றது அந்தியூர் சந்தைதான். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு இங்கருந்து வேன் புடிச்சுப் போறவங்க நெறைய பேரு, அங்க காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்ச கத்தியவாரிக் குதிரையையும் மேளத்துக்கு ஆடுற குதிரைங்களையும் பாத்திருப்பீங்க. நான் இன்னைக்குப் பேச வந்தது வேற ஒரு ஆட்டத்தப் பத்தி, ட்ரெஸ்ஸாஜ்னு பேரு, 1912லருந்து ஒலிம்பிக்ஸ்ல இருக்குது. 2023ல சீனாவுல ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுல நம்ம நாட்டு டீம் இதுல தங்கம் வாங்குச்சு, குதிரையேத்தத்துல நமக்கு 41 வருசம் கழிச்சுக் கெடைச்ச தங்கம்ங்க அது.

20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளத்துல ஒரு மணல் மைதானம். அதுக்குள்ள குதிரை நடக்கணும், ட்ராட்னு சொல்ற துள்ளு நடை போகணும், கேண்டர்னு சொல்ற மெதுவான பாய்ச்சல் போகணும், குறுக்கால சாஞ்சு போகணும், பெரிய லெவல்ல நின்ன எடத்துலயே ட்ராட் அடிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவருங்க பூஜ்யத்துலருந்து 10 வரைக்கும் மார்க் போடுவாங்க. வேகத்துக்கு இங்க மார்க்கே கெடையாது. மேல இருக்கறவங்க வாயத் தொறந்து குரல் குடுத்தா மார்க் கொறையும், நாக்குல ‘டக் டக்’னு சத்தம் போட்டாலும் அப்பிடித்தான். அப்பறம் எப்பிடிங்க சொல்றது? இடுப்புல சொல்லணும், தொடையில சொல்லணும், மூச்சுல சொல்லணும், கடைசியாத்தான் கை.

குதிரைத் தோலு மேல ஒரு ஈ உக்காந்தா அந்த எடத்த மட்டும் சிலிர்த்து ஓட்டிவிடும், பாத்திருப்பீங்க. ஈய உணர்ற தோலுக்கு அம்பது அறுபது கிலோ ஆளு என்ன நெனப்புல உக்காந்திருக்காங்கன்னு தெரியாமயா போகும்? நான் கன்னங்குறிச்சி தாண்டி சேர்வராயன் மலை அடிவாரத்துல பசங்களுக்குச் சவாரி சொல்லிக்குடுக்கறேன். பன்னெண்டாவது ரிசல்ட்டுக்கு மொத நாளு ஒரு பொண்ணு வந்துச்சு, நேராத்தான் போகச் சொல்றேன், குதிரை எடது பக்கமாவே சாயுது, கடிவாளம் ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்குது. பொண்ணோட எடது தோள் மேல தூக்கி இறுகிப்போய் நின்னுச்சு, ஒரு பக்க உக்காரும் எலும்பு சேணத்த அழுத்துது, அதுக்கே தெரியல. மூச்ச விடும்மான்னேன், விட்டுச்சு, தோளு எறங்குச்சு, நாலு எட்டுல குதிரை நேராயிருச்சு, உடனே காது ரெண்டும் தளர்ந்து வாய மென்னுக்கிட்டு நடந்துச்சு.

சுமார் 120 வருசத்துக்கு முன்னால பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்குப் போடுதுன்னு ஊரே கூடி வேடிக்கை பாத்துச்சு, கூட்டல் கேட்டா குளம்பால அத்தன தடவ தட்டும். ஃபுங்ஸ்ட்ங்கறவரு 1907ல சோதிச்சுப் பாத்தாரு. கேக்கறவருக்கு விடை தெரிஞ்சாத்தான் குதிரை சரியாச் சொல்லுது, தெரியலைன்னா தப்பாயிடுது. சரியான எண்ணு வந்ததும் கேக்கறவரு தலை தனக்கே தெரியாம ஒரு துளி அசையும், ஹான்ஸ் அதப் பாத்து நிறுத்திருக்கு. அட ஏமாத்துன்னு சிரிச்சுட்டுப் போனாங்க பல பேரு. எனக்கு அதக் கேட்டப்ப மயிர் கூச்செறிஞ்சுதுங்க, கணக்குப் போடறதவிட எவ்ளோ பெரிய திறமை அது!

இன்னொருத்தரச் சொல்லியே ஆகணும். டென்மார்க்ல லிஸ் ஹார்டெல்னு ஒரு அம்மா, 1944ல போலியோ வந்து முழங்காலுக்குக் கீழ செயல் போயிருச்சு. ட்ரெஸ்ஸாஜ்ல காலுதாங்க பாதி பேச்சு. அவங்களத் தூக்கித்தான் குதிரை மேல உக்கார வைக்கணும், எறக்கறதுக்கும் ஆளு வேணும். அவங்க குதிரை ஜூபிலி, அவங்க முதுகு நகர்றத வெச்சும் எடைய மாத்தறத வெச்சும் புரிஞ்சுக்கப் பழகுச்சு. பொம்பளைங்களுக்கு இந்தப் போட்டிய மொதமொதல்ல தொறந்துவிட்ட 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்லயே அவங்களுக்கு வெள்ளி, 1956லயும் வெள்ளி. அந்தப் பதக்கத்துல பாதி ஜூபிலியோடதுன்னு நான் பசங்ககிட்டச் சொல்லுவேன்.

குதிரைக்கு உங்க மேல பாசமான்னு என்னைக் கேக்காதவங்க இல்ல. குதிரை இரையாகற ஜாதிங்க, சிறுத்தை பாயறதுன்னா அந்த முதுகுல தான் பாயும். அந்த எடத்துல ஒரு மனுசன ஏத்திக்கிட்டுச் சும்மா நிக்குது பாருங்க, அதுக்கு மேல என்ன பாசம் வேணும். எங்ககிட்ட பவளம்னு ஒரு செவலைப் பொட்டக்குதிரை, ரேஸ்ல ஓடி முடிச்சு பெங்களூர்லருந்து வந்தவ. ரேஸ் குதிரைக்குக் கடிவாளம் இறுகுனா அதுல சாஞ்சு இன்னும் ஓடறதுன்னு பழக்கம், ஏறுனவங்க பயந்து இழுக்க இழுக்க அவ பறப்பா. அவளுக்குக் கை இளகுறதுதான் நிதானம்னு புரிய வைக்க மாசக்கணக்கா ஆச்சு, சேணமே போடாம கயித்தோட கூட நடக்கறது, சேலத்து வெயிலுக்கு முன்ன விடியக்காலைல வேலைய முடிச்சுடறது, பிடரிகிட்ட கையால தேச்சுவிடறது, தெனமும் ஒரே ஆளு ஒரே மாதிரி வர்றது, இவ்ளோதான். இப்ப மைதானத்துல நடுவுல நின்னு சல்யூட் வைக்கையில ஒரு கைய எடுத்துக் கீழ தொங்கவிடணும், ஒத்தக் கையில கடிவாளம், நாலு காலும் சதுரமா ஊனி பவளம் அசையாம நிக்கறா.

மனசுக்குக் கஷ்டமான விசயம் ஒண்ணும் சொல்லணும். இங்கிலாந்து சார்லட் டுஜார்டின், அவங்க ஓட்டுன குதிரை வலேக்ரோ, இந்த ஜோடியப் பாத்துத்தான் எனக்கு இதுல பைத்தியமே புடிச்சுது, 2014ல 94.3 சதவீதம் வாங்கி உலக சாதனை வெச்சவங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சில நாள் முன்ன அவங்க ஒரு பயிற்சியில வேற ஒரு குதிரையோட காலுல நீளச் சாட்டையால திரும்பத் திரும்ப அடிக்கற வீடியோ வெளிய வந்துச்சு, அவங்களே போட்டியிலருந்து வெலகிட்டாங்க, அப்பறம் ஒரு வருசம் தடை. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. அடிச்சாலும் குதிரை காலத் தூக்கும்ங்க, நடுவருக்குக்கூடப் பல சமயம் வித்தியாசம் தெரியாது. ஆனா வாலச் சுழட்டி அடிக்கும், காத பின்னால படுக்க வைக்கும், முதுகு பலகையாட்டம் வெறைச்சுக்கும், மேல உக்காந்திருக்கற ஆளுக்கு அது தெரியாம இருக்கவே இருக்காது. அதனால எங்க லாயத்துல சாட்டை புடிக்கறதுக்கு முன்ன பசங்க குதிரையோட காதப் படிக்கக் கத்துக்கணும்னு வெச்சிருக்கேன்.

ஏற்காடு போனீங்கன்னா சவாரிக்கு நிக்கற குதிரைகிட்டப் பசங்களக் கூட்டிட்டுப் போவீங்கல்ல, நெத்திக்கு நேரா கைய நீட்ட விடாதீங்க, அந்த எடம் குதிரைக்குக் கண்ணுல படாது, பின்னாலயும் போகவேண்டாம். தோள்பக்கமா மெதுவா போங்க, மொதல்ல பேச்சுக் குடுங்க, அப்பறம் கழுத்துல கை வைங்க. போட்டோவுக்காகக் கடிவாளத்த இழுத்து மூஞ்சியத் திருப்பாதீங்க, வாய்க்குள்ள இரும்பு இருக்குது. வரேனுங்க, வணக்கம்.