15 வயசுல சொந்த வால்வோ! ஆனா உசைன் போல்ட் ஓடியே முந்திடுவார்

(திரையில்: நீளமான பழைய வால்வோ, பின்னாடி பெரிய சிவப்பு முக்கோணம். பெட்ரோல் பங்க்ல பாட்டு அதிருது.)

2009ல பெர்லின்ல உசைன் போல்ட் 100 மீட்டர் ஓடினப்ப அவரோட உச்ச வேகம் மணிக்கு 44 கிலோமீட்டரைத் தாண்டுச்சு. அவர் பக்கத்துல இந்தக் காரை நிறுத்துங்க. 2.3 லிட்டர் இன்ஜின், சுமாரா 1,300 கிலோ எடை. போல்ட் சிரிச்சுக்கிட்டே முந்திடுவார். கார் ரிப்பேர் இல்லைங்க. சட்டப்படியே இதுக்கு 30தான்! உள்ள உட்கார்ந்து ஓட்டுறது பத்தாவது படிக்கிற வயசுப் பொண்ணு. அதுவும் லைசென்ஸோட.

இடம் ஸ்வீடன். டாலர்னா, வேர்ம்லாந்து மாதிரி பக்கம், சாயங்காலம் ஆனா பஸ்ஸே அபூர்வம். அங்க பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க கையில என்ன இருக்குங்கறதுதான் இன்னைக்கு வீடியோ. வண்டிக்குப் பேர் ஏ-டிராக்டர். ஆனா எல்லாரும் கூப்பிடுறது 'எப்பா'ன்னு. நம்ம 'எப்பா' இல்லைங்க, அது ஒரு மலிவு விலைக் கடையோட பேர்.

வரலாறு சீக்கிரமா. 1930கள், 40கள்ல டிராக்டர் கிடைக்கல, பழைய காரை வெட்டி விவசாயிங்க டிராக்டர் ஆக்கினாங்க. 1930ல ஆரம்பிச்ச 'எப்பா' கடையில எல்லாம் மலிவு, அதனால மட்டமான சாமானுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு, இந்த வண்டிக்கும் ஒட்டிக்கிச்சு. 1975ல பழைய வகையை நிறுத்தி ஏ-டிராக்டர்னு புது விதி கொண்டு வந்தாங்க. கடை 1977ல பேர் மாறிப் போச்சு, பேர் மட்டும் இன்னும் 30ல ஓடிக்கிட்டு இருக்கு. வரலாறு முடிஞ்சுது, தூங்கினவங்க எழுந்துக்கலாம்.

காரை எப்படி டிராக்டர் ஆக்குறாங்க? பின் சீட்டை எடுக்கணும், சரக்கு வைக்க ஒரு தட்டு வேணும், ட்ரெய்லர் மாட்டுற கொக்கி வேணும், பின்னாடி மெதுவா போற வண்டிக்கான முக்கோணம் வேணும். ஆர்சி புக்குல டிராக்டர்னே பதிவாகும். கார் லைசென்ஸ் அங்க 18க்குத்தான். இதுக்கு மொபெட் லைசென்ஸ் போதும், அது 15லயே கிடைக்கும்.

வேகத்தை எப்படிக் கட்டுறது? பழைய முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது: ரெண்டு கியர்பாக்ஸை ஒண்ணு பின்னாடி ஒண்ணா மாட்டிடுவாங்க. முதல் பாக்ஸ் உங்க இஷ்டம். ரெண்டாவது கீழ் கியர்லயே பூட்டி இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 30னா நிமிஷத்துக்கு 500 மீட்டர். 185/70 ஆர்14 டயர் ஒரு சுத்துக்கு 1.93 மீட்டர் உருளும், அப்போ நிமிஷத்துக்கு 259 சுத்து. பின் ஆக்ஸில் விகிதம் 3.73ன்னு வெச்சா, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தணும்னா, ஷாஃப்ட் 966 சுத்து. ரெண்டாவது பாக்ஸ் நாலுக்கு ஒண்ணுல பூட்டியிருந்தா, முதல் பாக்ஸ் டாப் கியர்ல இருக்கும்போதே இன்ஜின் 3,860 சுத்து கத்தும். வண்டி என்னவோ 30லதான். அந்தப் பூட்டை எவனாவது கழட்டி நேர் கியருக்கு மாத்தினா அதே சத்தத்துல 120! போலீஸ் தேடுறதே இதைத்தான். மாட்டினா அது டிராக்டர் இல்ல, கார். கார்னா 15 வயசு ஓட்டுநர் லைசென்ஸ் இல்லாம ஓட்டினதா கேஸ்.

2020ல விதி தளர்ந்துச்சு, எலக்ட்ரானிக் முறையிலயும் வேகத்தைக் கட்டலாம்னு. அதுக்கப்புறம் ஆட்டோமேட்டிக் வண்டி, பிஎம்டபிள்யூ எல்லாம் டிராக்டர் ஆச்சு. வேகத்தைக் கட்டுற எலக்ட்ரானிக் பெட்டி சக்கரத்தோட சுத்தை எண்ணுதுன்னா, டயரை மாத்தினா கணக்கு கெடும். சுற்றளவு 8 சதவீதம் பெருசானா 30ங்கறது 32.4 ஆயிடும்.

சரி, இப்ப நான் ஆசையா பேச வந்த இடம். பாட்டு!

யோசிங்க, வேகமா போக முடியாது. அப்போ இன்ஜினுக்குச் செலவு பண்ணி என்ன பிரயோஜனம்? காசு மொத்தமும் ஸ்பீக்கருக்குப் போகுது. இது வண்டியே இல்ல, சக்கரம் வெச்ச ஒரு ரூம். கூரையில வரிசையா தொங்குற மரம் ஷேப் வாசனை அட்டை, நாலு சிநேகிதங்க வண்டியை பங்க்ல பக்கத்துப் பக்கத்துல நிறுத்தி அரட்டை. இதுக்குன்னே 'எப்பாடங்க்'னு ஒரு இசை வகை வந்துடுச்சு. வேகமான தாளம், அடிவயித்துல இடிக்கிற பேஸ், வீட்ல அம்மா முன்னாடி கேட்க முடியாத வரிகள். ரோஸ் முகமூடி போட்ட பாடகி ஃப்ரோக்கென் ஸ்நுஸ்க் இந்த உலகத்துலேர்ந்து கிளம்பி, 2024ல யூரோவிஷன்ங்கற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு ஸ்வீடன் ஆள் தேர்ந்தெடுக்கிற மேடை வரைக்கும் போனாங்க.

இந்த இடி எப்படி வருது? ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டுற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 1,000 வாட்னு வைங்க, அட்டையில அச்சடிச்ச பொய் வாட் இல்ல, நிஜ வாட். 80 சதவீதத் திறன், 13.8 வோல்ட். கணக்கு போட்டா 90 ஆம்பியர் இழுக்கும். பழைய வால்வோவுல இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர் 55, 70 ஆம்பியர்தான்! ஹெட்லைட், ஹீட்டர் போக மிச்சம் எவ்வளவு? அதனாலதான் ஒவ்வொரு 'டங்'குக்கும் ஹெட்லைட் மங்கி எரியுது. ஸ்டைலுன்னு நினைக்காதீங்க, வண்டி கெஞ்சுது.

அடுத்த தப்பு ஒயர். பானட்டுக்குள்ள இருக்கிற பேட்டரியிலேர்ந்து பின்னாடி ஆம்ப் வரை 5 மீட்டர். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர்ல 90 ஆம்பியர் போனா ஒரு பக்கத்துக்கு 0.2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல இழப்பு. மலிவு கிட்ல வர்ற 10 சதுர மில்லிமீட்டர்ல 0.8 வோல்ட். அதுவும் செம்பு பூசின அலுமினியமா இருந்தா 1.2க்கும் மேல. நுனியைக் கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா ஏமாந்துட்டீங்க. ஃப்யூஸ் பேட்டரியிலேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். ஆம்ப் பக்கத்துல ஃப்யூஸ் வெச்சா ஆம்பைத்தான் காப்பாத்தும். நடுவுல ஒயர் தேஞ்சு பாடியில பட்டா 5 மீட்டர் ஒயரும் ஹீட்டர் கம்பி மாதிரி பழுக்கும், மேல இருக்கிற கார்ப்பெட்டோட சேர்த்து.

எர்த்? பெயின்ட்டைச் சுரண்டி பளபளன்னு தகடு தெரியணும், அப்புறம்தான் போல்ட். 30 வருஷத் துரு மேல முறுக்கினா ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல 'உய்ய்ங்'னு கொசு பாடும். பவர் ஒயர் இடப்பக்கம் போனா சிக்னல் ஒயர் வலப்பக்கம் போகணும். ஆம்ப்ல இருக்கிற கெயின் திருகை முழுசாத் திருப்புறவங்களுக்கு ஒரு வார்த்தை: அது வால்யூம் இல்லைங்க. ஒலி அலை உச்சியில வெட்டுப்பட்டு ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற காயில் கருகிடும். தீஞ்ச வாசனை வந்தா எந்த வாசனை அட்டையும் காப்பாத்தாது.

காதும் முக்கியம். 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கும்னு ஒரு அளவு இருக்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். நாலு பாட்டு.

இப்ப குளிர். இன்ஜினை அணைச்சுட்டு சராசரி 25 ஆம்பியர்ல 2 மணி நேரம் பாட்டு போட்டா 50 ஆம்பியர்-அவர் காலி. பேட்டரியே 70தான். மைனஸ் 20ல அதுவும் முழுசா கிடைக்காது. திரும்பிப் போக ஸ்டார்ட் ஆகாது. அதனால ரெண்டாவது பேட்டரி, நடுவுல ஒரு ஐசொலேட்டர்: பாட்டு ஒண்ணைத் தின்னாலும் ஸ்டார்ட் பண்ற பேட்டரி பத்திரம். ராத்திரி வீட்டுல வந்து இன்ஜின் ஹீட்டரை 230 வோல்ட் பிளக்ல மாட்டிட்டா காலையில இன்ஜின் அடம் பிடிக்காது.

ஆபத்து? இருக்கு. 80ல வர்ற கார் முன்னாடி 30ல போற வண்டி, வித்தியாசம் நொடிக்கு 14 மீட்டர். 100 மீட்டர் தள்ளிப் பார்த்தாலும் 7 நொடிதான். மோட்டர்வேக்குள்ள விடவே மாட்டாங்க. 2023 ஆகஸ்ட்லேர்ந்து உட்கார்ற ஒவ்வொருத்தருக்கும் பெல்ட், சரக்குத் தட்டுல ஆள் ஏறக் கூடாது. ஸ்பீக்கர் பெட்டியையும் போல்ட் போட்டு இறுக்குங்க, 35 கிலோ பெட்டிக்கு பெல்ட் கிடையாது.

18 ஆனதும் கார் லைசென்ஸ் வாங்கிட்டு எப்பாவை அடுத்த 15 வயசுக்கு வித்துடுவாங்க. வாங்குறவங்க கீழ குனிஞ்சு தரைத் தகட்டுல துருவைத் தட்டிப் பார்க்கணும், வேகக் கட்டுப்பாட்டுக்கான பேப்பர் இருக்கான்னு கேட்கணும். ஆம்பைக் கழட்டிட்டு ஒயரை அப்படியே விட்டிருந்தா நுனி பேட்டரியில இன்னும் மாட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க.

கடைசியா ஒரு வேடிக்கை. அதே மொபெட் லைசென்ஸ்ல மொபெட் ஓட்டினா 45 போகலாம். அதை விட்டுட்டு 30ல ஊர்ற காரை எடுக்குறாங்க. கூரை இருக்கு, ஹீட்டர் இருக்கு, சப்வூஃபர் இருக்கு. நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? கமென்ட்ல சொல்லுங்க.