கிணற்று விளிம்பில் ஒரு கோடு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் இன்னும் கிணறு இருக்கிறதா என்று இளையவர்கள் சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், கொட்டாஞ்சேனையின் பழைய முற்றங்களில், பம்பலப்பிட்டியில், தெஹிவளையில், கொங்கிறீட் மூடி போட்டு மேலே பூச்சாடி வைத்த கிணறுகள் எத்தனையோ. மூடியைத் திறந்தால் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் 2014 செப்டெம்பரில் துறைமுக நகர வேலை தொடங்கியது. 2019 ஜனவரிக்குள் கடலில் 269 ஹெக்டேயர் நிலம் மணல் போட்டு எழும்பிவிட்டது. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த மாற்றம். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து கொம்பனித்தெரு வரை, பேர வாவியைச் சுற்றி, உயர்ந்த கட்டடங்கள் வருகின்றன. வாகனம் நிறுத்த நிலத்துக்கடியில் தளம் வேண்டும். அதற்குக் குழி தோண்டினால் தண்ணீர் வரும். இராப்பகலாகப் பம்ப் ஓடும். அந்தத் தண்ணீர் யாருடையது? பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அதே நிலத்தடி நீர்தான்.

நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் மணலுக்குள்ளும், கபுக் கல் என்னும் நுண்துளையுள்ள செம்மண் கல்லுக்குள்ளும் இறங்கி, கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. கடல் நீர் கனம் கூடியது, நல்ல நீர் இலேசானது. ஆகவே கரையோரத்தில் நல்ல நீர் உப்பு நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பை அது தள்ளி வைத்திருக்கும். திருப்பிச் சொல்கிறேன்: மேலே ஓர் அடி, கீழே நாற்பது அடி. அப்படியென்றால் மேலே ஓர் அடி குறைந்தால் என்ன ஆகும்? உப்பு ஒரே நாளில் ஏறிவிடாது. ஆனால் ஏறத் தொடங்கும். ஒருமுறை ஏறினால் பல மழைக்காலம் போனாலும் இலகுவில் இறங்காது.

"எங்களுக்குப் பைப் தண்ணீர் வருகிறதே" என்பீர்கள். வரட்சி வந்தால் களனி கங்கையில் உப்பு நீர் மேலேறி, அம்பத்தளையில் மணல் மூட்டை அடுக்கித் தடுத்த செய்திகளை இதே வானொலியில் கேட்டிருப்பீர்கள். ஆறு கைவிடும் நாளில் கிணறு வேண்டும். அதோடு, சேற்று நிலத்தை நிரப்பிக் கட்டிய பகுதிகளில் அடியிலிருக்கும் நீர் இறங்கினால் மண் அமுங்கும். சுவர் வெடிக்கும்.

இப்போது ஒரு மாமியின் கதை சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியிருந்தவர். காலையில் கிணற்றை எட்டிப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது. தண்ணீருக்கு மேலே எத்தனை கிணற்று வளையம் தெரிகிறது என்று எண்ணுவார். சமையலறையில் தொங்கும் தாள் கிழிக்கும் கலண்டரில் அதை எழுதுவார். பக்கத்திலேயே "மழை" அல்லது "மழை இல்லை". கிழித்த தாள்களை எறியாமல் ரப்பர் வளையம் போட்டு, பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார்.

பக்கத்துக் காணியில் தோண்டத் தொடங்கினார்கள். கிணற்று நீர் இறங்கியது. சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. கேட்கப் போனபோது, அங்கிருந்த பொறியியலாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, மழை குறைவு. எல்லாக் கிணறும் இப்படித்தான்." என்னையும் கூட்டிக்கொண்டு மாமி மறுபடி போனார், கையில் தகரம். போன வருடங்களில் அதே மாதங்களில் எத்தனை வளையம் தெரிந்தது என்று ஒவ்வொரு தாளாக மேசையில் வைத்தார். அதைவிட முக்கியமான தாள்கள் கடைசியில் வந்தன. சித்திரை வருடப்பிறப்புக்கு வேலையாட்கள் ஊருக்குப் போய், பம்ப் நின்ற நாட்கள். அந்த நாட்களில் தண்ணீர் ஒன்றரை வளையம் ஏறியிருந்தது. பக்கத்தில் "மழை இல்லை".

"தம்பி, மழையில்லை எண்டால் வருசப்பிறப்புக்கு மட்டும் என்னெண்டு தண்ணி ஏறினது?" என்று கேட்டார்.

பதில் இல்லை. பிறகு எல்லை மதிலோரம் குழி வெட்டி, இறைத்த தண்ணீரின் ஒரு பகுதியை மண்ணுக்குள்ளேயே திருப்பி விட ஒத்துக்கொண்டார்கள். சுவரும் திருத்தப்பட்டது. நான் வேலைக்காலம் முழுவதும் நிலத்தடி நீர் அளந்தவன். அந்தத் தாள்களைப் போல அசைக்க முடியாத சான்றைக் கண்டது அரிது. காரணம், தோண்டத் தொடங்கும் முன்பே அவர் எழுதத் தொடங்கியிருந்தார். அது இல்லாவிட்டால், இறங்கியது எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது? பிள்ளையின் கிளினிக் அட்டையைப் பாருங்கள். ஒரு நாள் நிறை ஒன்றும் சொல்லாது. புள்ளிகளை இணைக்கும் கோடுதான் சொல்லும்.

சரி, எப்படி அளப்பது? கிணற்று விளிம்பில் ஓரிடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளவுநாடாவை இறக்குங்கள். நாடாவின் நுனியில் சோக்குக் கட்டியைத் தேய்த்தால் நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். காலையில், யாரும் தண்ணீர் இறைக்கும் முன்.

எந்த நாளில்? இதைக் கவனமாகக் கேளுங்கள். கடல் பெருக்கும் வற்றுமாக நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்குகிறது. கொழும்பில் அது சுமார் இரண்டடிதான். ஆனாலும் கரைக்குக் கிட்டிய மணல் நிலத்தில் கிணறும் கூடவே கொஞ்சம் அசையும். பெருக்கு நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். ஆக, இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெருக்கு என்றால், அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு வற்று. கிழமைக்கு ஒருதரம் ஒழுங்காக அளப்பவர், நீர் மாறி மாறி ஏறி இறங்குவதாக எழுதிக்கொண்டிருப்பார். அசைந்தது கடல். இதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. பறுவம் வரும் போயா தினத்தில் அளந்து பாருங்கள். பறுவத்துக்குப் பறுவம் அதே மணிக்குக் கடல் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கும். விடுமுறை நாளும்கூட. அமாவாசை, பறுவ விரதம் பிடிக்கும் வீடுகளுக்கு நாள் மறக்கவே மறக்காது. போயா காலை, அதே மணி, அதே கோடு.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மட்டத்தோடு உப்பையும் பாருங்கள். உப்புக் கூடினால் தண்ணீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும்; அந்தக் கடத்துதிறனை அளக்கும் சிறிய கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது. மற்றது, புது நிலம் பற்றி. கடலை நிரப்பினால் நிலத்தடி நீர் கடலைச் சேரும் வழி நீளும். அதனால் பழைய கரையோரத்தில் நீர் மட்டம் ஏறவும் கூடும். மலசலகூடக் குழி நிறைவதும் நிலக்கீழ்த் தளம் கசிவதும் அப்படி வரலாம். ஆகவே இறங்குவதை மட்டுமல்ல, ஏறுவதையும் எழுதுங்கள். பெரிய கட்டடக்காரர்கள் கண்காணிப்புக் குழாய் இறக்கி, கால் மணிக்கு ஒருதரம் தானாக அளக்கும் கருவி வைக்கலாம். அந்த எண்கள் அவர்களின் கோப்புக்குள் கிடக்கக் கூடாது. நீர்வளச் சபைக்கும் மாநகர சபைக்கும் போய், அயலவர்களும் பார்க்கும்படி வெளியே வர வேண்டும். எப்படி வெளியே கொண்டுவரலாம் என்பதைத்தான் விரிவாகப் பேச வைத்திருந்தேன். அதை இன்னொரு நாள் பேசுவோம். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.