மிளகும் சரளி வரிசையும்

நேயர்களுக்கு வணக்கம்.

34 ஆண்டுகள் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்தேன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, கடைசியாகக் கடலூர். இப்போது ஓய்வுபெற்றுத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். எங்கள் தெருவில் மனிதர்களைவிட நாய்களுக்கே என்னை நன்றாகத் தெரியும். நான் முனை திரும்பும்போதே அவை எதிர்ச்சாரிக்குப் போய்விடும். சட்டையை மாற்றினாலும் ஊசிக்காரனின் வாசனை போவதில்லை போலிருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவனை, குழந்தையும் கூச்ச சுபாவமுள்ள வளர்ப்புப் பிராணியும் எப்படி நெருங்குவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். என் படிப்பு கைகொடுக்காத இடத்தில் என் 9 வயதுப் பேத்தியின் சரளி வரிசை, அதாவது பாட்டு வகுப்பின் ஆரம்பப் பாடம், கைகொடுத்தது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகின் அடியில் அந்தக் குட்டி கிடந்தது. என் மகன் சாக்கில் சுற்றி எடுத்துவந்தான். நாட்டு நாய், பெண், மூக்கு நுனி வரை கறுப்பு. வாயைத் திறந்து பார்த்தேன். முன்பற்கள் விழுந்து முளைத்துவிட்டிருந்தன; கோரைப்பற்கள் மட்டும் இன்னும் பால்பற்கள். ஏறத்தாழ 5 மாதம் இருக்கும். எனக்கு அப்போதே சங்கடமாகிவிட்டது. நாய்க்குட்டிக்குப் பிறந்த 3-வது வாரத்திலிருந்து 12 அல்லது 14-வது வாரம் வரைதான் உலகத்தோடு பழகிக்கொள்ளும் பருவம். அந்த நாட்களில் மனிதக் கையையும் மடியையும் அறிந்த குட்டி, பிறகு எந்த வீட்டிலும் ஒட்டிக்கொள்ளும். அறியாத குட்டிக்கு மனிதன் என்றாலே சந்தேகம். இந்தக் குட்டி அந்தப் பருவத்தைப் படகுக்கு அடியிலேயே கழித்துவிட்டது.

மிளகு என்று பெயர் வைத்தாள் பேத்தி. மிளகு நேராகக் கூடத்து மூலையில் இருந்த தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்தது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு வெளியே வந்து தின்னும், மறுபடி உள்ளே போய்விடும். எல்லாக் குழந்தைகளும் செய்வதைத்தான் பேத்தியும் செய்தாள். தரையில் படுத்து, மெஷினுக்கு அடியில் முகத்தை நீட்டி, மிளகு, மிளகு என்று கொஞ்சினாள். மிளகு கொட்டாவி விட்டது. "தூக்கம் வருகிறது, பாவம்" என்றாள். தூக்கமில்லை அம்மா, பயம் என்றேன். பயந்த நாய் காரணமில்லாமல் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும், கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இத்தனைக்கும் பிறகும் நாம் விலகாவிட்டால்தான் அது பல்லைக் காட்டுகிறது. குழந்தைகளை 'திடீரென்று' கடித்துவிட்டதாகச் சொல்லப்படும் நாய்களில் பெரும்பாலானவை, கடிப்பதற்கு முன் நம் பாஷையில் இல்லாவிட்டாலும் தன் பாஷையில் பலமுறை சொல்லிப் பார்த்தவை.

அதை அதன்போக்கில் விடு என்று நான் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேலும் மிளகின்மேலும் சேர்த்து. மாலை 6 மணிக்குப் பாட்டுப் பயிற்சி. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தையல் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்தக் கோபம்தான் காரியத்தைச் சாதித்தது.

பாட்டுப் படித்தவர்களுக்குத் தெரியும், ஆரம்பப் பாடமெல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில்தான். ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறி, அதே படியில் இறங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். தினமும் அதே நேரம், அதே பாய், அதே ஸ்வரம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம், "அடுத்த பாடம் எப்போது தொடங்குவார்கள்?" என்று பணிவாக விசாரித்தார். மனிதருக்கு அலுத்துப்போகிற அந்த மாறாத்தன்மைதான் மிளகுக்கு வேண்டியிருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத வீட்டில், தெரிந்த ஒன்று அது மட்டுமே.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மெஷினின் மிதிபலகைக்கு வெளியே ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது. திரும்பாதே என்று பேத்திக்குச் சைகை காட்டினேன். திரும்பாமல் பாடினாள். நான் பார்த்த இசைக் கச்சேரிகளிலேயே பாடுகிறவரின் கழுத்து அவ்வளவு விறைப்பாக இருந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் கூடத்துத் தரையில் பதித்தவை ஓரடிக் கற்கள். மெஷினிலிருந்து அவள் பாய் வரை 11 கல். மிளகு எந்தக் கல் வரை வந்தது என்று அவள் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள். முதல் வாரம் 2 கல். மூன்றாம் வாரம் 6. சில நாள் பின்வாங்கும். அப்போது அழிக்க மாட்டாள், வேறு நிறத்தில் போடுவாள். என் மனைவிக்குத் தரை துடைக்க முடியவில்லையே என்று குறை.

அந்த நாட்களில் எனக்கு அகநானூற்றின் 102-வது பாட்டு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. தினைப்புனத்தில் மேய வந்த யானை, மலைச்சாரலில் ஒரு பெண் குறிஞ்சிப் பண் பாடுவதைக் கேட்டு, கதிரையும் தின்னாமல், நின்ற இடத்தைவிட்டும் பெயராமல் உறங்கிப்போகும். இசைக்கு யானையும் மயங்கும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுகிற பாட்டு. நான் பலமுறை படித்தும் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. அவள் யானைக்காகப் பாடவில்லை. தன் கூந்தலைக் காற்றில் உலர்த்திக் கோதிக்கொண்டு, தன்போக்கில் பாடுகிறாள். யானை அங்கே நிற்பது அவளுக்குத் தெரியுமா என்றே புலவர் சொல்லவில்லை.

இசையில் மருந்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. 2002-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் ஒரு நாய்க் காப்பகத்தில் சோதித்தார்கள். மேற்கத்திய சாஸ்திரிய இசையை ஒலிக்கவிட்டபோது நாய்கள் கூடுதல் நேரம் படுத்து ஓய்வெடுத்தன. ஹெவி மெட்டல் இசைக்குக் குரைப்பு அதிகரித்தது. பிறகு ஸ்காட்லாந்தில் செய்த சோதனைகளில், ஒரே வகை இசையைத் தொடர்ந்து போட்டால் அந்த அமைதி சில நாட்களிலேயே குறைந்துவிடுவதைக் கண்டார்கள். ஸ்பீக்கரில் வருகிற இசையின் கதி அது. ஸ்பீக்கர் யாரையும் நம்பச் சொல்வதில்லை. மிளகு ஆறு வாரம் அதே சரளி வரிசைக்கு வந்ததென்றால், இசையைவிடப் பாடுகிறவள்மேல்தான் அதன் கண் இருந்திருக்க வேண்டும். அவள் உட்கார்ந்தே இருந்தாள், கையை நீட்டவில்லை, உற்றுப் பார்க்கவில்லை. வேண்டாமென்றால் எழுந்து போக மிளகுக்கு வழி இருந்தது. ஒரு குழந்தையை அரைமணி நேரம் அப்படி உட்காரவைக்கப் பாட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆனால் ஒலிக்கும் பங்கு உண்டு என்பதை மூன்றாம் காலம் காட்டியது. ஸ்வரங்கள் விரைவாகத் தெறிக்கத் தொடங்கியதும் மிளகு எழுந்துவிடும். இது எங்கள் ஊர் வண்டிக்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல. மாட்டை ஓட்டுவதற்கு 'ஹை, ஹை' என்று துண்டு துண்டாக அதட்டுவார்கள், நிறுத்துவதற்கு 'ஓஓ...' என்று இழுப்பார்கள். பட்ரீசியா மெக்கானல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல மொழி பேசும் நாய், குதிரைப் பயிற்சியாளர்களின் ஒலிகளைப் பதிவுசெய்து பார்த்தபோதும் இதே பாங்குதான்: விரட்டக் குறுகிய, அடுக்கடுக்கான ஒலி, அடக்க நீண்ட ஒற்றை ஒலி. பேத்தி யாரையும் கேட்காமல் மூன்றாம் காலத்தைக் கைவிட்டாள். பாட்டு டீச்சர், "மூன்றாம் காலம் வரவே மாட்டேன் என்கிறதே" என்று என் மருமகளிடம் வருத்தப்பட்டார். உண்மைக் காரணத்தை நாங்கள் சொல்லவில்லை.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

ஆறாம் வாரம் மிளகு 9-வது கல்லில் படுத்துக் கண்ணை மூடத் தொடங்கியிருந்தது. பார்வோ என்ற குடல் நோய்க்கான தடுப்பூசியின் இரண்டாம் தவணை ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. பார்வோ வந்து குட்டிகள் இரத்தமாகப் போய் இறப்பதை நிறையப் பார்த்தவன் நான். பொறுமை போய்விட்டது. ஒரு மாலை அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக வந்து, பிடரியைப் பிடித்து, ஊசியைப் போட்டுவிட்டேன். வேலை பத்து விநாடியில் முடிந்தது. என் கையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

மிளகு கொல்லைப்புறத்துத் துணிதுவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய்ச் சுருண்டது. மறுநாள் 6 மணிக்குச் சுருதிப் பெட்டி ஒலித்ததும், கல்லுக்குப் பின்னால் இருந்ததும் போய், மதிலோரம் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. பேத்தி பாடுவதை நிறுத்தினாள். என்னிடம் வந்து, "தாத்தா, என் பாட்டைக் கெடுத்துவிட்டீர்கள்" என்றாள். கத்தவில்லை, அழவுமில்லை. ஊசியைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. பாட்டை நான் கண்ணியாக்கிவிட்டேன் என்பதுதான் புகார்.

சங்க இலக்கியத்தில் அசுணம் என்றொரு விலங்கு வரும். யாழோசையில் மயங்கி வெளியே வருமாம். வந்ததும் பறையை அறைந்து கொல்வார்களாம். அப்படி ஒரு விலங்கு உண்மையிலேயே இருந்ததா என்ற விவாதம் கிடக்கட்டும். நற்றிணை 304-இல் தலைவி, இன்பமும் துன்பமும் ஒருங்கே தருகிற தலைவனின் மார்பை 'அசுணம் கொல்பவர் கை' போன்றது என்கிறாள். கல்லூரியில் அதை ஓர் உவமையாகப் படித்து மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கை என் முழங்கைக்குக் கீழே இருந்தது என்று தெரிய இத்தனை வயதாயிற்று.

திரும்ப 11 கல்லையும் கடக்க மூன்று மாதம் ஆயிற்று. இந்தமுறை பேத்தி சட்டம் போட்டாள். பாட்டு நேரத்தில் மிளகை யாரும் தொடக் கூடாது. தாத்தா சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. அங்கேயும் ஒரு சாக்பீஸ் கோடு. அடுத்த தவணை ஊசியை வேறொரு இளம் மருத்துவர், காலை வேளையில், கொல்லையில் வைத்துப் போட்டார். முள்ளெடுத்து வேகவைத்த சங்கரா மீனை மிளகு தின்றுகொண்டிருந்தபோது ஊசி இறங்கியதை அது அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பேத்தி அப்போது பள்ளியில் இருந்தாள். இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சிறு குழந்தையோடு தனியே விடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

இந்த ஆண்டு தீபாவளி இரவு. மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ்; நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். சரவெடி அதற்கு எப்படிக் கேட்கும் என்று நாம் கற்பனைதான் செய்ய முடியும். ஜன்னல்களை மூடினோம். மிளகு தையல் மெஷினுக்கு அடியில் போயிற்று. பேத்தி பாயை அங்கேயே இழுத்துப்போட்டு, முதல் காலத்தில், அதற்கும் கீழான வேகத்தில் பாடினாள். பாட்டு வெடியை வென்றது என்று சொல்ல மாட்டேன். மிளகு நள்ளிரவு வரை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு நடுங்கியது. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதைய மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. நானும் சமையலறைக் கோட்டருகே நின்றபடி ஏற்பதை நிறுத்திவிட்டேன்.

பேத்தி இப்போது அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்கு வந்துவிட்டாள். மூன்றாம் காலத்தையும் மிளகு பொறுத்துக்கொள்கிறது. என்னை மட்டும் இன்னும் 4 கல் தூரத்திலேயே வைத்திருக்கிறது. இந்த உரை ஒலிபரப்பாகும்போது வீட்டில் ரேடியோ வைக்கலாமா என்று பேத்தியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வைக்கலாம் தாத்தா, உங்கள் குரலை மட்டும் மிகவும் குறைத்து வைக்கிறேன்" என்றாள்.

வணக்கம்.